வட்டிக்கு விட்ட தர்மம்

தோழர்களே! ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன், பட்டப் படிப்பை முடித்தவன், என்னிடம் வந்து கேட்டான்: “தோழர், நான் சமூகத் தொழில்முனைவோர் ஆகப் போகிறேன். ஏழைகளுக்குச் சேவையும் ஆச்சு, கம்பெனிக்கு லாபமும் ஆச்சு. இதில் என்ன தப்பு?”

நல்ல பையன், கள்ளமில்லாத மனம். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் படித்த விக்ரம் அக்குலா, 1997ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் எஸ்.கே.எஸ். என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுப்பது அதன் வேலை. 2005ல் அந்த வேலை லாபக் கம்பெனியின் கைக்கு மாறியது. 2006ல் அமெரிக்க ‘டைம்’ பத்திரிகை அவரை உலகின் செல்வாக்குமிக்க 100 பேரில் ஒருவராகக் கொண்டாடியது. 2010 ஆகஸ்டில் கம்பெனியின் பங்கு சந்தைக்கு வந்தது. 10 ரூபாய்ப் பங்கு 985 ரூபாய்க்கு விற்றது! திரண்ட தொகை சுமார் 1,600 கோடி ரூபாய்!

இந்தப் பங்குக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? கூலிப் பெண்கள் வாரந்தோறும் கட்டிய தவணையிலிருந்து வந்தது. ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 ரூபாய்க்கு மேல். அதே காலத்தில் நிலமுள்ளவனுக்கு வங்கியில் பயிர்க்கடன் வட்டி 7 ரூபாய். நிலமற்றவளுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

“கந்துவட்டிக்காரன் இதைவிட அதிகம் பிடுங்குகிறானே?” என்பார்கள். உண்மைதான். ஆனால் அவன் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொண்டு மேடையில் மாலை வாங்கியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை தவறினால் மற்ற நால்வரும் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தில் நாம் எதற்காகச் சேருகிறோம்? ஒருவர் கஷ்டத்தை எல்லோரும் தாங்குவதற்காக. அந்த ஒற்றுமையையே இவர்கள் ஜாமீனாக வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியையே அமீனா ஆக்கினார்கள்!

கடன் தொல்லையால் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. நுண்கடன் கம்பெனிகள் பலவற்றின் மீதும் புகார் எழுந்தது. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது: வீட்டு வாசலில் வசூல் கூடாது, வாரத் தவணை கூடாது, வட்டி அசலைத் தாண்டக் கூடாது. 2011ல் ரிசர்வ் வங்கி 26 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2022ல் வட்டிக்கு வைத்த வரம்பையே எடுத்துவிட்டது!

பையன் கேட்டான்: “அப்படியானால் சேவையே வேண்டாமா, தோழர்?”

வேண்டும், தம்பி! அந்தப் பெண் கடன் வாங்குவது கூலி போதாததால். காய்ச்சல் வந்தால் வைத்தியத்துக்குக் காசில்லாததால். அவளுக்குக் கூலி உயரப் போராடு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கப் போராடு. கூட்டுறவு வங்கி குறைந்த வட்டியில் அவளுக்கும் கடன் கொடுக்கப் போராடு. இதில் பங்கு விலை ஏறாது, பட்டமும் வராது. ஆனால் அவள் வீட்டு உலை கொதிக்கும்.

தோழர்களே! நாளை உங்கள் பிள்ளைகளும் இதே கேள்வியோடு வருவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். “சேவை சரி, லாபம் யாருக்கு?” என்று மட்டும் கேளுங்கள்!