எழுதியவர் சொல்லாததை எந்திரம் சொல்லுமா?

இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறித் துறையில் யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று உண்டென்றால் அது ஆவணம் எழுதும் வேலைதான். நிரல் எழுதுவதில் உள்ள உற்சாகம், அதைப் பற்றி நாலு வரி எழுதி வைப்பதில் இருப்பதில்லை. எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் பல்லாயிரம் வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு விழிப்பார். இக்குறையைத் தீர்க்க இன்று ஒரு வழி வந்திருக்கிறது. நிரலைத் தானே படித்து ஆவணம் தயாரிக்கும் கருவியை, நிரல் எழுத உதவும் ஏ.ஐ. உதவியாளருடன் இணைத்து விடுவதே அது. இது நன்மையா, தீமையா என்று எங்கள் வகுப்பில் வாதம் நடக்கிறது. நன்மை என்பதே என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

தானாக ஆவணம் தயாரிப்பது புதிய செய்தி அன்று. ஜாவா மொழிக்கு ஜாவாடாக் என்ற கருவி 1990களிலேயே இருந்தது. 1997இல் டாக்சிஜென் வந்தது. இவை செய்ததெல்லாம், நிரலாளர் தம் நிரலுக்கு இடையே எழுதி வைத்த குறிப்புகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பக்கங்களாக்கித் தந்ததுதான். குறிப்பு எழுதாத சோம்பேறியின் நிரலைக் கொடுத்தால் வெறும் பெயர்ப் பட்டியல் கிடைக்கும்! இப்போது வந்திருப்பவை வேறு வகை. 2025இல் காக்னிஷன் என்ற நிறுவனம் வெளியிட்ட டீப்விக்கி, கிட்ஹப்பில் உள்ள பொது நிரல் தொகுப்பைத் தானே படித்து, எந்தப் பகுதி என்ன செய்கிறது, எது எதை அழைக்கிறது என்று படம் போட்டு விளக்குகிறது. மனிதக் குறிப்பு ஒன்றுகூட இல்லாத இடத்திலும் அது பேசும்.

இதை உதவியாளருடன் இணைப்பது எப்படி? 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறியை வெளியிட்டது. எந்தக் கம்பெனி மின்விசிறியானாலும் சுவரில் உள்ள ஒரே பிளக்கில் செருகுகிறோம் அல்லவா? அதுபோல எந்தக் கருவியையும் எந்த உதவியாளருடனும் பொருத்த இந்நெறி இடம் தருகிறது. டீப்விக்கி இதன் வழியே மூன்று வசதிகளைத் தருகிறது: ஆவணத்தின் பொருளடக்கத்தைப் பார்க்கலாம், உள்ளடக்கத்தைப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். மனிதன் கேட்பதற்கு முன்பே உதவியாளர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய கருவி தந்தது எழுதியவரின் வாக்குமூலம். புதிய கருவி தருவது படித்தவரின் ஊகம். பெரும்பாலும் சரியான ஊகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் திரையில் ஒரே எழுத்தில், ஒரே தோரணையில் வருகின்றன. ஓர் எந்திரம் ஊகித்ததை இன்னோர் எந்திரம் உண்மையென்று கொண்டு நிரல் எழுதுகிறது. அந்தப் புதிய நிரலை மீண்டும் முதல் எந்திரம் படித்து ஆவணமாக்குகிறது. இந்தச் சுற்றில் நிரலை எழுதிய மனிதர் எங்கே நிற்கிறார்?

காரணம் எழுதப்படாததால் என்ன நேரும் என்பதற்கு ஏ.ஐ. காலத்துக்கு முந்திய சான்று ஒன்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. சுமார் 40 விநாடிகளில் பாதை மாறிச் சிதறியது. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவியின் நிரலை, பழைய ஏரியன் 4இலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாக அது மாற்றியது. 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. வந்த மதிப்போ அதைத் தாண்டிவிட்டது. துணைக் கருவியும் முதன்மைக் கருவியும் ஒரே காரணத்தால் அடுத்தடுத்து நின்றன. இதில் வேதனை என்னவென்றால், அந்தக் கணக்குப் பகுதியே ஏரியன் 5 மேலெழுந்த பிறகு தேவைப்படாத ஒன்று!

அந்நிரலை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆபத்துள்ள 7 மாறிகளைக் கண்டுபிடித்து 4க்குப் பாதுகாப்பும் போட்டிருந்தார்கள். கணிப்பொறியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதால் மீதி 3ஐ விட்டுவைத்தார்கள். ஏரியன் 4இன் வேகத்துக்கு அது போதும். ஆனால் அந்த முடிவுக்கான காரணம் நிரலுக்குள் எங்கும் காணப்படவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. மலைபோன்ற ஆவணக் குவியலில் அது மறைந்து போயிருந்தது.

இன்றைய கருவி அந்நிரலைப் படித்திருந்தால்? எண் மாற்றத்தை அழகாக விளக்கியிருக்கும். பாதுகாப்பில்லை என்று எச்சரித்துமிருக்கலாம். ஆனால் ஏரியன் 4இன் வேகம் இவ்வளவுதான் என்ற நம்பிக்கை அந்த வரிகளுக்குள் இல்லை. அது எழுதியவர்களின் தலைக்குள் இருந்தது. இல்லாததை எந்தக் கருவி படிக்கும்?

அப்படியானால் இணைப்பே வேண்டாம் என்று சொல்லலாமா? அதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு நிரல் ஏன் ஓடவில்லை என்று இரவு பத்து மணிக்குக் கேட்க அண்ணனோ அக்காவோ வீட்டில் இல்லை. பெருநகரக் கல்லூரி மாணவனுக்குக் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா இருப்பார். நமக்கு இருப்பது அலைபேசிதான். உலகமே பயன்படுத்தும் ஒரு பெரிய நிரல் தொகுப்புக்குள் எந்த வாசல் வழியே நுழைவது என்று காட்ட ஒரு துணை கிடைத்திருக்கும்போது, அதைத் தள்ளிவிடச் சொல்வது வசதி படைத்தோர் பேச்சு. இணைக்கத்தான் வேண்டும்.

நிபந்தனை இதுதான்: 'என்ன' என்பதை எந்திரம் எழுதட்டும், 'ஏன்' என்பதை மனிதர் எழுதவேண்டும். இது நடக்காத காரியம் அன்று. லினக்ஸ் கெர்னலில் ஒரு மாற்றம் அனுப்புவோர், எந்தச் சிக்கலைத் தீர்க்க அதைச் செய்தார் என்பதையும் விளக்கவேண்டும் என்பது விதி. இத்தகைய குறிப்புகளையும் உதவியாளரின் பார்வைக்கு இணைத்தால், ஊகத்தோடு வாக்குமூலமும் அதற்குக் கிடைக்கும். ஆவணத்தின் ஒவ்வொரு கூற்றுக்கும் எந்தக் கோப்பு, எந்த வரி என்று கேட்டுச் சரிபார்ப்பதும் நம் பொறுப்பு.

நம் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டு திட்டப்பணி அறிக்கையில் இன்று பாதிக்கு மேல் எந்திரம் எழுதித் தர முடியும், தடுத்தாலும் நிற்காது. தடுக்கவும் வேண்டாம். அதனுடன் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த அட்டவணையை ஏன் இரண்டாகப் பிரித்தேன், எந்த வழியை முயன்று கைவிட்டேன், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று எண்ணினேன் என அந்தப் பக்கத்தில் மாணவரே எழுதட்டும். தமிழில் எழுதவும் அனுமதியுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். இதைத் துறைத்தலைவர் அவர்களிடம் எழுத்து மூலம் கொடுக்க எங்கள் வகுப்பில் சிலர் முன்வந்திருக்கிறோம். உடன்பாடுள்ள முதலாமாண்டு நண்பர்களும் கையொப்பமிடலாம்.