மூன்று வயதை உட்கார வைக்காதீர்கள்

நம் ஊர்களில் எல்.கே.ஜி. வகுப்பு ஒன்றின் காலை நேரத்தை எட்டிப் பாருங்கள். நாலு கோடு நோட்டு விரிந்து கிடக்கிறது. மூன்றரை வயதுக் குழந்தை பென்சிலை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்து ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க நிரப்புகிறது. கோட்டைத் தாண்டினால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். எழுந்தால் உட்காரச் சொல்கிறார்கள். பேசினால் வாயில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். ரைம்ஸ் நேரத்தில் எழுந்து நின்று ஒப்பித்தால் போதும், மீண்டும் நோட்டு. வீட்டுக்குப் போனால் வீட்டுப்பாடம், அது முடிந்தால் சோறு ஊட்டுவதற்குச் செல்போன். அந்தக் குழந்தை இன்று தன் உடம்பை அசைத்து, வாய்விட்டுப் பாடி ஆடியது எத்தனை நிமிடம்? பள்ளியும் கேட்பதில்லை, வீடும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 3, 4 வயதுக் குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரை பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இந்த அளவுகோலை வைத்து நம் பிள்ளைகளின் ஒரு நாளைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலான வீடுகள் தேறாது.

பாட்டும் ஆட்டமும் படிப்புக்கு நடுவே விடும் இளைப்பாறல் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. இந்த வயதில் படிப்பே அதுதான். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் ஒன்றுகூடப் பிறக்கும்போது எலும்பாக இறுகியிருப்பதில்லை. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய மூன்றுதான் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையைத்தான் ஒன்று முதல் நூறு வரை எழுத வைக்கிறோம். எழுதும் விரலுக்கான பலம் தோளிலும் முழங்கையிலும் தொடங்கி இறங்கி வர வேண்டும். கை வீசுவது, கை தட்டுவது, கம்பியில் தொங்குவது, மண் பிசைவது ஆகியவைதான் அதைத் தருகின்றன. இவற்றைச் செய்யாத கை பென்சிலைப் பிடித்ததும் வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் வைக்கிறோம்.

காதின் கதையும் அப்படித்தான். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்களுக்குத் தாளத்தை ஒலிக்கவிட்டு ஹங்கேரியில் சோதித்தார்கள். தாளத்தின் முதல் தட்டு விடுபட்டபோது உறக்கத்திலேயே அந்தக் குழந்தைகளின் மூளை அதைக் கண்டுகொண்டது என்று 2009இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. தாளத்தைப் பிடித்துத் தட்டும் திறமைக்கும், சொல்லின் ஒலிகளைப் பிரித்தறியும் திறமைக்கும் தொடர்பு இருப்பதைப் பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அடித்தளம் இதுதான். ஜெர்மனியில் நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராகப் பிரித்து, சிலரைச் சேர்ந்து பாடி ஆட வைத்தார்கள். மற்றவர்கள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடினார்கள். சேர்ந்து பாடியவர்களே பிறகு ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவினார்கள். 2010இல் வந்த ஆய்வு இது. பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் ஆட்டத்தில் ஒரு குழந்தை தன்னை அடக்கிக்கொள்ளக் கற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சான்று தேவைப்படாது.

அதற்காக, இசை கேட்டால் மூளை வளரும் என்று கூவி விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். மொஸார்ட் இசையை வைத்து நடந்த வியாபாரம் முழுவதற்கும் ஆதாரமாகக் காட்டப்பட்ட 1993ஆம் ஆண்டு ஆய்வு, கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. அதில் கண்ட பலனும் சில நிமிடங்களே நீடித்தது. குழந்தைக்குத் தேவை ஒலிபெருக்கியோ விலையுயர்ந்த வகுப்போ அல்ல. தன்னோடு கை தட்டும் ஒரு பெரியவர் போதும்.

இது நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய சங்கதியும் அல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தது. ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி. பிறகு தளர்நடை, ஆண்பிள்ளைக்குச் சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். இன்றைய குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் வளர்ச்சிப் பட்டியலில் இவற்றில் பல உண்டு. அந்தப் புலவர்கள் குழந்தையை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். மடியில் சாய்ந்தாடுவதும், உள்ளங்கையில் பருப்புக் கடைவதும், நண்டும் நரியும் கையில் ஊர்வதும் பாட்டிமார்களிடம் இருந்தன. அந்தப் பாட்டி இன்று ஊரில் இருக்கிறார், பேரன் நகரத்து அடுக்ககத்தில் இருக்கிறான், நடுவில் காணொளி அழைப்பு ஓடுகிறது.

பள்ளிகளில் ஆட்டம் இல்லாமல் இல்லை, ஆண்டுவிழா நடக்கிறதே என்பார்கள். அதைத்தான் முதலில் கண்டிக்க வேண்டும். பெரியவர்களுக்கு எழுதிய சினிமாப் பாட்டுக்கு வாரக்கணக்கில் ஒத்திகை. நன்றாக ஆடும் பிள்ளை முன்வரிசையில், தடுமாறும் பிள்ளை பின்வரிசையில், வரிசை குலைக்கும் பிள்ளை மேடைக்கே வருவதில்லை. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அவரைத்தான் ஒதுக்குகிறோம். ஆளுயர ஸ்பீக்கரின் முன்னால் காதைப் பொத்திக்கொண்டு அழும் நான்கு வயதுக் குழந்தையைப் படம் பிடிக்கக் கீழே நூறு செல்போன்கள் உயர்கின்றன. இது குழந்தைக்காக நடக்கும் நிகழ்ச்சியே அல்ல.

அரசின் பக்கம் வருவோம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ்த் தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் அவற்றுக்கென ஒரு நல்ல பாடத்திட்டமும் இருக்கிறது. ஆனால் அதை நடத்த வேண்டிய அங்கன்வாடிப் பணியாளரின் காலைப் பொழுதைப் பாருங்கள். எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், முட்டைக் கணக்கு எழுத வேண்டும், எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். பாட்டுப் பாட அவருக்கு நேரமும் இல்லை, பல இடங்களில் பிள்ளைகள் வட்டமாக நிற்க இடமும் இல்லை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது ஏழைப் பெற்றோர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானது. அங்கேயும் தனியார் பள்ளியைப் பார்த்து நோட்டைத் திணிக்கும் ஆசை நுழைந்துவிடாமல் காப்பது கல்வித்துறையின் பொறுப்பு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூடிப் பாடும் வட்டம்தான் குறைபாட்டைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் இடம். பின்னாலிருந்து தட்டும் ஓசைக்குத் திரும்பாத பிள்ளை, நான்கு வயதாகியும் ஒற்றைக்காலில் ஒரு நொடிகூட நிற்க முடியாத பிள்ளை, எவரோடும் சேராமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை என ஆசிரியரின் கண்ணுக்கு அங்கே தெரியும். எல்லாரையும் உட்கார வைத்து எழுத வைக்கும் வகுப்பில் அமைதியான பிள்ளை ‘நல்ல பிள்ளை’ ஆகிவிடுகிறது. காது கேட்காததை ஒன்றாம் வகுப்பில் கண்டுபிடித்தால், பேச்சு வளர வேண்டிய முக்கியமான ஆண்டுகள் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.

செய்ய வேண்டியவை செலவு பிடிப்பவை அல்ல. அங்கன்வாடியில் காலை முதல் ஒரு மணி நேரம் எந்தப் பதிவேடும் செயலியும் தொடப்படக் கூடாது, அது பிள்ளைகளுக்கே என்று அரசு ஆணையிட வேண்டும். பணியாளர் பயிற்சியில் கும்மி, கோலாட்டம், பறை தெரிந்த உள்ளூர்க் கலைஞர்களை அழைத்துச் சொல்லித் தர வைக்கலாம். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் எல்.கே.ஜி. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் தரும் பள்ளிகள் மீது நடவடிக்கை வேண்டும். விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015இல் வகுத்த விதிகளோடு ஆய்வுக்குப் போகும் அதிகாரி, நோட்டைப் புரட்டுவதை விட்டுவிட்டு, பிள்ளைகள் எழுந்து ஆட இடமும் நேரமும் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டு நிறைய எழுதச் சொல்லிப் பள்ளிகளை நெருக்குவது நாம்தான். இன்றைக்கு என்ன எழுதினாய் என்று கேட்பதை நிறுத்துங்கள். இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, என் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் பாடி ஆடும், எங்கே ஆடும், யார் கூட ஆடுவார் என்று கேளுங்கள். நேரான பதில் வராத பள்ளியில் பணம் கட்டாதீர்கள்.