டாக்டருக்கு யார் டாக்டர்?

அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கும் முன்பே டாக்டர்கள் வந்து விடுகிறார்கள். மாடுபிடி வீரர்களைப் பரிசோதித்த பிறகுதான் களத்தில் இறக்குகிறார்கள். காளைக்கும் பரிசோதனை உண்டு.

குத்துப்பட்டவருக்குக் களத்திலேயே முதலுதவி. காயம் பெரிது என்றால் நேரே மதுரை பெரியாஸ்பத்திரி.

வீரரைப் பார்த்தாகி விட்டது. காளையைப் பார்த்தாகி விட்டது. டாக்டரை யார் பார்க்கிறார்கள்?

பெரியாஸ்பத்திரி வார்டுகளில் ஓடியாடும் இளம் முகங்களில் பலர் ‘ஹவுஸ் சர்ஜன்’கள். நாலரை ஆண்டு படிப்பை முடித்து, ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருப்பவர்கள். வயது 23, 24 இருக்கும். நேற்றுவரை பரீட்சை எழுதிய பிள்ளை, இன்று ராத்திரி டூட்டியில் நிற்கிறது. கண் எதிரே ஓர் உயிர் போனால், உறவினர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். "உனக்கு என்னப்பா தெரியும்? பெரிய டாக்டரைக் கூப்பிடு!" என்ற அதட்டலும் அவருக்குத்தான்.

அழக்கூட நேரம் கிடையாது. அடுத்த ஸ்டிரெச்சர் வந்து விடும்!

இது வெறும் அனுதாபப் பேச்சு அல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் அறிக்கை தந்தது. மேற்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் டாக்டர்கள் 5 ஆயிரத்து 337 பேர் அதற்குப் பதில் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்து போயிருக்கிறது.

வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றது குழு. 1992-ல் மத்திய அரசு சொன்ன கணக்கோ 48 மணி! கணக்கு ஏறியதே தவிர இறங்கவில்லை.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் ‘மனம்’ என்ற மனநல மன்றங்கள் தொடங்கப்பட்டன. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். நல்ல காரியங்கள்தான். ஆனால் ராத்திரி 2 மணிக்குத் தடுமாறும் பிள்ளை முதலில் தேடுவது அண்ணன், அக்கா போல ஒரு சீனியரை.

ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனையும், ஓரிரு வருஷம் மூத்த ஒரு டாக்டரிடம் பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் மார்க் போடுகிறவராக இருக்கக்கூடாது. டூட்டி போடுகிறவராகவும் இருக்கக்கூடாது. அப்போதுதான், "அண்ணே, பயமா இருக்கு" என்று வாய் திறப்பார்கள். காதில் விழுந்தது வெளியே போகக்கூடாது. நிலைமை முற்றினால் மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இதற்கென்று அந்த சீனியருக்கும் டூட்டியில் நேரம் ஒதுக்க வேண்டும். ஓசி வேலையாக்கினால் ஒரே மாதத்தில் ஓய்ந்து விடும்.

பேருக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியல் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதாது.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. வார்டில் நிற்கும் சின்ன வயசு டாக்டரை அதட்டுவதால் நோயாளி பிழைத்து விடமாட்டார். தூக்கம் கெட்டு, மனம் உடைந்த கையில்தான் தையல் ஊசி இருக்கிறது. அந்தக் கை நடுங்காமல் பார்த்துக்கொள்வது டாக்டர்களுக்குச் செய்யும் சலுகை அல்ல. நோயாளிக்குச் செய்யும் வைத்தியம்!