கூட்டுக்கே காய்ச்சல்

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தேன் போத்தலை எடுத்தால் நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயரைத்தான். மார்த்தாண்டம் என்றிருந்தால் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பேன். காரணம் இருக்கிறது.

1991-92இல் கேரளத்தில் பரவிய ஒரு வைரஸ் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேன்பெட்டிகளையும் காலி செய்தது. தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்துக்கு ஒன்பது அழிந்தன. 1976இல் தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட ‘சேக்புரூட்’ வைரஸ் அது. தேனீயின் புழு, கூட்டுப்புழுவாக மாற முடியாமல், தோலுக்குள் நீர் கோத்து, சின்னப் பை போலாகிச் செத்துவிடும். பெரிய தேனீக்கள் பறந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த தலைமுறை இருக்காது.

தேனீக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா? இருக்கிறது. கிருமி நுழைந்தால் அதைக் கொல்லும் புரதங்களை அதன் உடல் சுரக்கும். ஆனால் 2006இல் மேலைநாட்டுத் தேனீயின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, நோய் எதிர்ப்புக்கானவை பழ ஈயிடமும் கொசுவிடமும் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து வாழும் பூச்சிக்கு இது போதுமா?

மீதி வேலையைக் கூட்டம் செய்கிறது. நோயுற்ற புழுவை வாசனையிலேயே கண்டுபிடித்து, அறையின் மூடியைக் கடித்துத் திறந்து, வேலைக்காரத் தேனீக்கள் வெளியே இழுத்துப் போடும். புழுக்களைக் கொல்லும் ஒருவகைப் பூஞ்சை வந்தால், எல்லாம் சேர்ந்து கூட்டைச் சூடாக்கும். நமக்கு உடம்பு காயும். அவற்றுக்கு வீடே காயும்!

எனக்கு மிகவும் பிடித்தது ராணியின் பத்தியம். ராணி உண்ணும் உணவில் உள்ள கிருமித் துணுக்குகள் முட்டைக்குள் போய், பிறக்கப்போகும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகின்றன. 2015இல் விளக்கப்பட்ட இந்த வழியை வைத்தே, புழுக்களை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பு மருந்துக்கு அமெரிக்கா நிபந்தனையோடு அனுமதி தந்தது. ஊசி இல்லை, சாப்பாட்டில் கலந்துதான். பிள்ளைக்காகப் பத்தியம் இருந்த நம் அம்மாக்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

மார்த்தாண்டத்தில் அப்படி எந்த மருந்தும் இல்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கித்தான் வளர்ப்பவர்கள் மீண்டார்கள்.

அதே இனத் தேனீ மலேசியாவிலும் வாழ்கிறது. மரப்பொந்து கிடைக்காவிட்டால் வீட்டுச் சுவர் இடுக்கும் அதற்குப் போதும். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ உங்கள் வீட்டில் கூடு கட்டினால், மருந்தடிப்பவரைக் கூப்பிடும் முன், தேனீ வளர்ப்பவர் யாராவது ராணியோடு எடுத்துப்போவாரா என்று விசாரித்துப் பாருங்கள். அதுவும் ஏதோ ஒரு நோயிலிருந்து பிழைத்து வந்த கூட்டமாக இருக்கலாம்.