தென்கோடியிலிருந்து ஒரு பாட்டு

"மேனாட்டு மெல்லிசை வெறும் இரைச்சல்" எனச் சென்ற கிழமை வகுப்பிலே கூறிவிட்டோம். மாணவன் ஒருவன் மறுத்துரையாது, கைபேசியிலே பாட்டொன்றைப் போட்டு எம்மிடம் நீட்டினான்.

நியூசிலாந்தின் டனீடின் நகரத்து இளைஞர் குழுவாகிய 'தி கிளீன்' பாடிய 'டாலி ஹோ' அது. 1981இல் கிறைஸ்ட்சேர்ச்சிலே தோன்றிய 'பிளையிங் நன்' என்னும் சிறு நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. ஒலிப்பதிவுக்கு 50, 60 டொலரே செலவாயிற்றாம்! எனினும் அந்நாட்டு விற்பனைப் பட்டியலிலே 19ஆம் இடத்தை எட்டிற்று.

அந்த ஓர்கன் வாத்தியத்தின் துள்ளலிலே மயங்கி மும்முறை கேட்டோம். பெரும் பொருளின்றியும் கலை பிறக்கும். கேளாமலே தீர்ப்புரைத்த குற்றம் எம்முடையதே. மறுநாள் வகுப்பிலே அதனை ஒப்புக்கொண்டோம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் விரும்புவதைப் பழிக்குமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.