மனைவி ஊருக்குப் போன மூன்று வாரம்

கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கண்டதும், "இது நம் சமாசாரம் அல்ல" என்று பக்கத்தைத் திருப்பித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இந்த வாரக் கதையிலும் ஒரு கணவர் இருக்கிறார், மனைவி இருக்கிறாள், தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும் கைக்குழந்தை இருக்கிறது. ஒரு குடும்பப் பத்திரிகைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரர்களுக்கு வேலை செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அவர்களுக்குப் பட்டப்பகல் என்றால் நமக்கு நடுநிசி. வேலை ஓய இராத்திரி ஒரு மணி ஆகும். உடனே தூக்கம் வந்துவிடுமா? வராது. அந்த வேளையில் மனசு சுற்றிச் சுற்றிப் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். மற்றொன்று, வீடியோ கேம். கேட்பவர்களுக்கு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் முடிச்சு நான் போட்டதல்ல. 1969-லேயே விழுந்துவிட்டது.

இயங்குதளம் என்றால் என்ன என்பதைக் காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம். தண்ணீர் குறைந்த வருஷத்தில் என்ன செய்கிறார்கள்? முறை வைத்து விடுகிறார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் இருக்கிறார். அவர் நடவு நடுவதில்லை, களை பறிப்பதில்லை, அறுப்பதும் இல்லை. ஆனால் அவர் முறை தவறினால் தலைமடைக்காரன் வயல் குளமாகும்; கடைமடைக்காரன் வயல் வெடிக்கும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் லஸ்கர்தான் இயங்குதளம். அங்கே தண்ணீருக்குப் பதில் கணக்குப் போடும் நேரமும், நினைவில் வைக்கும் இடமும். கடிதம் எழுதுகிற மென்பொருளுக்குக் கொஞ்சம், பாட்டுப் பாடுகிறதற்குக் கொஞ்சம் என்று ஒரு நொடியைப் பல நூறு கூறாக்கி முறை வைத்துப் பங்கிடுகிறது. வீடியோ கேம் இருக்கிறதே, அது தலைமடைக்காரன். எவ்வளவு விட்டாலும் குடிக்கும். லஸ்கரின் சாமர்த்தியம் தெரிவது அதனிடத்தில்தான்.

இனிக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பெல் லாபரட்டரி என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சி நிலையம். அங்கே கென் தாம்ஸன் என்ற இளைஞர். 'ஸ்பேஸ் டிராவல்' என்று ஒரு விளையாட்டை எழுதியிருந்தார். சூரியனையும் கிரகங்களையும் சுற்றி விண்கலத்தை ஓட்டிப் போய் எங்காவது இறக்க வேண்டும். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரில் அதை ஒரு தடவை ஆடினால், மெஷின் நேரத்துக்கு ஆகும் கணக்கு சுமார் 75 டாலர்! தவிர, கலம் தத்தித் தத்திப் போகும். மாட்டு வண்டியில் சந்திரனுக்குப் போவது போல. அந்தக் காலத்து 75 டாலருக்கு எத்தனை கலம் நெல் வரும் என்று நம் பாட்டிமார்கள் கணக்குப் போட்டிருந்தால் தாம்ஸனை வீட்டுக்குள்ளேயே சேர்த்திருக்க மாட்டார்கள்.

தாம்ஸன் சும்மா இருக்கவில்லை. அதே கட்டடத்தில் அவ்வளவாக யாரும் உபயோகிக்காத ஒரு சின்ன மெஷினைக் கண்டுபிடித்தார். பி.டி.பி.-7 என்று பெயர். படம் காட்டும் திரை மட்டும் அதில் பிரமாதம். டென்னிஸ் ரிச்சி என்ற சிநேகிதரையும் சேர்த்துக்கொண்டு விளையாட்டை அந்த மெஷினுக்கு மாற்றி எழுதினார். அந்த வேலையில் அதன் நாடி பிடிபட்டது. இதற்கே சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி, ஒரு வயசுக் குழந்தையைத் தாத்தா பாட்டிக்குக் காட்டுவதற்காகக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். மூன்று வாரம். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மூன்று வாரம் கிடைத்தால் ஹோட்டல் சாப்பாடும் பழைய சினிமாவுமாகப் போயிருக்கும். தாம்ஸன் கணக்காகப் பங்கு போட்டார். எழுத்துத் திருத்தும் கருவிக்கு ஒரு வாரம். கட்டளைகளை மெஷின் பாஷைக்கு மாற்றும் கருவிக்கு ஒரு வாரம். லஸ்கர் என்றோமே, அந்த மூலக்கருவுக்கு ஒரு வாரம். அந்த அம்மாள் குழந்தையோடு திரும்பி வந்தபோது, பிற்பாடு யூனிக்ஸ் என்று பெயர் பெற்ற இயங்குதளம் உருவாகியிருந்தது.

அந்த மூன்று வாரமும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார் என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

யூனிக்ஸின் வம்சம் பெரிது. ஆப்பிள் கம்பெனியின் மெஷின்களும் போன்களும் அந்த வழியில் வந்தவை. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், அதே பக்குவத்தில், ஆனால் தாமே புதிதாக மாவரைத்து, லினக்ஸ் என்ற மூலக்கருவை எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். உங்கள் சமையலறை மேடையில் கிடக்கிற ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் இருப்பது அந்த லினக்ஸ்தான். ஆகவே, "லினக்ஸா, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், எங்கள் தெருவில் ஒரு மாமி கேட்ட கேள்வியால்.

"கடைக்காரன் சொல்கிறான், இந்த மெஷினுக்கு ஆயுசு முடிந்துபோச்சாம். விண்டோஸ் 10-ஐ நிறுத்திவிட்டார்களாம். புதுசு 45,000 ரூபாய் என்கிறான். மெஷின் நன்றாய்த்தானே ஓடுகிறது? நன்றாய் இருக்கிற அடுப்பைத் தூக்கிப் போடச் சொன்னால் போடுவேனா நான்?" என்றார் மாமி.

அடுப்பு நியாயம் சரியான நியாயம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவை நிறுத்தியது உண்மை. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷச் சலுகை என்றும் அறிவித்தது. நின்றது மெஷின் அல்ல. திருடன் புகாமல் அவ்வப்போது ஓட்டையை அடைக்கும் வேலைதான். அடைப்பு நின்ற மெஷினில் பாங்குக் கணக்கைத் திறப்பது உசிதமல்ல. விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், ஏறக்குறைய 2018-க்கு முந்திய மெஷின்கள் பெரும்பாலானவற்றை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்றேன். மாமி யோசிக்குமுன் உள்ளேயிருந்து பேரன் குரல்: "கேம் வராது, பாட்டி!"

இந்தக் குரலைத் தமிழ்நாடு முன்பே கேட்டிருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அவற்றில் பல இரண்டு இயங்குதளங்களோடு வந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ், சென்னை ஸி-டாக் நிலையத்தார் 2007-ல் வெளியிட்ட நம் நாட்டுச் சரக்கு. அதில் தமிழிலேயே எழுதலாம். மெஷினைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நான் பார்த்த வீடுகளில் பிள்ளைகள் கை தானாக விண்டோஸ் பக்கம் போயிற்று. ஏன்? சிநேகிதன் பென்டிரைவில் கொண்டு வந்த கார் ரேஸ் அதில்தான் ஓடிற்று. சுதேசி, இலவசம், தாய்மொழி என்று எத்தனை நியாயம் இருந்தாலும் ஒரு கார் ரேஸுக்கு முன் நிற்கவில்லை. பெரியவர்கள் கூடிச் செய்கிற திட்டங்களில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு யாரும் இடம் ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாளைய குறை.

ஆனால் பேரன் சொன்னது பழைய கதை. இப்போது துபாஷி வந்துவிட்டார். மராத்திய மன்னர்கள் 1676 முதல் 1855 வரை ஆண்ட ஊர் அல்லவா இது? சரஸ்வதி மகாலில் மோடி எழுத்தில் கட்டுக் கட்டாக ஆவணங்கள் இருக்கின்றன. எழுத்து தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் நமக்கும் புரியும். விண்டோஸுக்கென்று எழுதின ஆட்டம் லினக்ஸுக்கு மோடி எழுத்து. இடையில் நின்று சொல்லுக்குச் சொல் எடுத்துச் சொல்லும் துபாஷி வேலையை 'வைன்' என்ற மென்பொருள் 1993 முதல் செய்யப் பார்த்தது. 2018-ல் வால்வ் என்ற விளையாட்டுக் கம்பெனி அதையே செப்பனிட்டு 'புரோட்டான்' என்று வெளியிட்டது. 2022-ல் அதை நம்பி 'ஸ்டீம் டெக்' என்று கையடக்கமான விளையாட்டுப் பெட்டியே விற்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருப்பது லினக்ஸ். விண்டோஸ் ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் அதில் ஓடுகின்றன.

எல்லாம் ஓடும் என்று சொல்ல மாட்டேன். பலர் சேர்ந்து ஆடும் சில போட்டி ஆட்டங்கள், திருட்டாட்டம் ஆடுகிறானா என்று பார்க்கத் தங்கள் காவலாளியை மெஷினின் மூலக்கருவுக்குள்ளேயே நிறுத்துகின்றன. 'வாலரன்ட்' அப்படி ஒன்று, லினக்ஸில் வராது. வீட்டில் டாலி மாதிரிக் கணக்கு மென்பொருள் உபயோகிக்கிறவர்களும் அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸுக்கென்றே செய்தது. பேரனுக்கு எந்த ஆட்டம் என்று பெயரைக் கேட்டுக்கொண்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றேன் மாமியிடம். பிள்ளை என்ன ஆடுகிறான் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இப்படியும் ஒரு சந்தர்ப்பம்!

பழைய மெஷினைத் தொடாமலே வெள்ளோட்டம் பார்க்கலாம். 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் மாதிரி இலவசமாகக் கிடைப்பதை ஏற்றி, அதிலிருந்தே மெஷினைத் திறக்கலாம். உள்ளே இருக்கும் எதையும் அது அழிக்காது. பிடிக்கவில்லையானால் பிடுங்கிவிட்டால் பழையபடி விண்டோஸ். பிடித்து, நிரந்தரமாகவே போட்டுக்கொள்வதென்றால் முதல் காரியமாகக் கல்யாணப் படங்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். இது தெரிந்த பையன்கள் இன்ஜினீயரிங் காலேஜ் உள்ள எந்த ஊரிலும் இருப்பார்கள். ஒரு டம்ளர் டிகிரி காப்பிக்கு வந்து செய்வார்கள்.

கடைசியாக ஒன்று. வீடியோ கேம் என்றாலே டுமீல் டுமீல் என்று சுடுவது என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது. 2023-ல் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' என்று ஓர் ஆட்டம் வந்தது. செய்தவர்கள் 'விசை கேம்ஸ்'. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா பரிசும் வாங்கிற்று. கதாநாயகி வெண்பா என்ற தமிழ்ப் பெண்மணி. 1980-களில் கணவனோடு கனடாவில் குடியேறியவள். பிள்ளை வளர வளரத் தமிழை விட்டு நழுவுகிறான். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன செய்முறையை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எந்த மாதிரி அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரைக்கும் ஏறும் என்று கண்டுபிடித்தாக வேண்டும். எத்தனையோ தேசத்துப் பிள்ளைகள் அதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.