செங்கல்பட்டு: யாருக்கும் சொந்தமாகாத தொகுதி

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நிற்கும் பத்துப் பேரிடம் "உங்க எம்.பி. தொகுதி எது?" என்று கேட்டுப் பாருங்கள். தாம்பரம் என்பார் ஒருவர். தென்சென்னை என்பார் இன்னொருவர். ஸ்ரீபெரும்புதூர் என்று உறுதியாகச் சொல்பவரும் இருப்பார். "எனக்கு ஓட்டு ஊர்லதாங்க, திண்டிவனம் பக்கம்" என்று கைகழுவி விடுபவர்தான் அதிகம் இருப்பார்.

சரியான பதில் காஞ்சிபுரம். 2009 தேர்தலில் இருந்து அப்படித்தான். சட்டமன்றத்துக்குச் செங்கல்பட்டு. பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வந்துவிட்டால் தொகுதி மாறிவிடுகிறது. அந்தப் பக்கம் தாம்பரம் சட்டமன்றத் தொகுதி, ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதி. இந்தப் பக்கம் இருப்பவர்களோ காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம், செய்யூர், திருப்போரூர் மக்களோடு சேர்ந்து ஓட்டுப் போட வேண்டும். ஐ.டி. கம்பெனி பேருந்துக்கு நிற்பவரும் மதுராந்தகம் ஏரிப் பாசன விவசாயியும் ஒரே எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் காஞ்சிபுரம் தொகுதிக்கு முன்னால் இங்கே செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதி என்று ஒன்று இருந்தது. முதல் பொதுத்தேர்தலில் இருந்து 2004 வரை 14 தேர்தல்களைப் பார்த்த தொகுதி அது. அதன் கதை புறநகர்வாசிகளில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், "ஓட்டுப் போட்டு என்னத்த கிழிக்கப் போறோம்" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ரயில்வே அமைச்சரும் ஒரு ரயில் விபத்தும்

முதல் எம்.பி. ஓ.வி. அழகேசன். காங்கிரஸ்காரர். நேரு அமைச்சரவையில் ரயில்வே துணை அமைச்சராக இருந்தார். லால் பகதூர் சாஸ்திரி அப்போது ரயில்வே அமைச்சர்.

1956 நவம்பர் 23ம் தேதி அதிகாலை, சென்னையில் இருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாஸ்திரி பதவி விலகினார். அதை இன்றும் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் மாணவர்கள் சொல்கிறார்கள். அழகேசனுக்கு என்ன ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த சில மாதங்களிலேயே 1957 தேர்தல் வந்தது. தி.மு.க. முதல்முறையாகப் போட்டியிட்ட பொதுத்தேர்தல் அது. அரியலூரையும் அழகேசனையும் எதுகை மோனையில் கோத்து ஒரு கோஷம் கிளம்பி, சுவர் சுவராகப் பரவியது. அழகேசன் தோற்றார். ஜெயித்தவர் எந்தப் பெரிய கட்சியின் வேட்பாளரும் இல்லை. ஏ. கிருஷ்ணசாமி என்ற சுயேச்சை!

நாடு முழுவதும் காங்கிரஸ் கொடி பறந்த காலம் அது. அப்போது ஒரு மத்திய அமைச்சரை ஒரு சுயேச்சையிடம் தோற்கடித்தது செங்கல்பட்டுக் கிராமத்து மக்கள். விபத்து ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேட்பாளரின் செல்வாக்கு, உள்ளூர்க் கணக்கு எல்லாம் இருந்திருக்கும். ஆனால் டெல்லியில் பதவி இருக்கிறது என்பதற்காக இங்கே யாருக்கும் தள்ளுபடி கிடையாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1962ல் அதே மக்கள் அழகேசனைத் திரும்ப அனுப்பினார்கள். மறுபடியும் மத்திய அமைச்சரவைக்குப் போனார். 1965ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது சி. சுப்பிரமணியமும் அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. கடிதம் கொடுத்ததற்காக மக்கள் அவருக்குத் தனி மதிப்பெண் போடவில்லை. 1967 அலையில் தி.மு.க.வின் சி. சிட்டிபாபு ஜெயித்தார்.

சிறையில் அடிபட்ட எம்.பி.

சிட்டிபாபு சென்னை மேயராக இருந்தவர். திருவல்லிக்கேணிப் பக்கம் அவர் பெயரில் இருக்கும் தெருவைப் பலர் கடந்து போயிருப்பார்கள். அவர் இரண்டு முறை செங்கல்பட்டு எம்.பி. என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1967, 1971 இரண்டிலும் ஜெயித்தார்.

1976 ஜனவரி 31ல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் தி.மு.க.வினர் கைதானார்கள். சிட்டிபாபுவும் மு.க. ஸ்டாலினும் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே கைதிகள் அடிக்கப்பட்டார்கள். ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தடுக்கப் போய் சிட்டிபாபு அடி வாங்கினார். உடல்நிலை மோசமாகி 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு நீதிபதி இஸ்மாயில் விசாரணை ஆணையத்தின் முன் முக்கியமான ஆவணமானது.

இந்தத் தொகுதியின் பதவியில் இருந்த எம்.பி., அவசரநிலைச் சிறையில் வாங்கிய அடியால் இறந்திருக்கிறார். இரண்டே மாதத்தில், 1977 மார்ச்சில் தேர்தல். வடக்கே அவசரநிலைக் கோபம் இந்திரா காந்தியையே ரேபரேலியில் தோற்கடித்தது. செங்கல்பட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்?

நடந்தது வேறு. காங்கிரசோடு கூட்டணி வைத்திருந்த அ.தி.மு.க.வின் மோகனரங்கம் ஜெயித்தார். தமிழ்நாடு முழுவதுமே அந்தக் கூட்டணிதான் அள்ளியது. எம்.ஜி.ஆர். அலை எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டது.

இதைப் படிக்கும்போது கோபம் வரும். வர வேண்டும். செங்கல்பட்டு மக்களின் நியாய உணர்வைப் புகழ்ந்து எழுத நினைப்பவர் 1957ஐ மட்டும் எழுதி 1977ஐ மறைத்துவிடலாம். அது நேர்மை ஆகாது. தராசு பிடிக்கும் வாக்காளரும் அலையில் அடித்துப் போகும் வாக்காளரும் ஒரே ஆள்தான். இருபது வருட இடைவெளி, அவ்வளவுதான்.

கூட்டணிக் கணக்கு

அதற்குப் பிறகு வந்தவர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1980ல் காங்கிரசின் இரா. அன்பரசு. 1984ல் அ.தி.மு.க.வின் ஜெகத்ரட்சகன் (ஆமாம், பிற்காலத்தில் தி.மு.க.வில் மத்திய இணை அமைச்சரான அதே ஜெகத்ரட்சகன்தான்). 1989, 1991, 1998 என்று மூன்று முறை அ.தி.மு.க.வின் காஞ்சி பன்னீர்செல்வம். இடையில் 1996ல் தி.மு.க.வின் பரசுராமன். 1999, 2004 இரண்டிலும் பா.ம.க.வின் ஏ.கே. மூர்த்தி.

14 தேர்தல், 9 பேர். காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., பா.ம.க., சுயேச்சை என்று எல்லா நிறமும் உண்டு. ஒரே ஒரு நிறம்தான் இல்லை. ஒன்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை. தொகுதி பெயர் மாறிக் காஞ்சிபுரம் ஆன பிறகு, 2014ல்தான் மரகதம் ஜெயித்தார்.

மூர்த்தி கதையில் ஒரு சுவாரசியம். அவர் 2002ல் வாஜ்பாய் அரசில் ரயில்வே இணை அமைச்சரானார். அழகேசனுக்குப் பிறகு இதே தொகுதியில் இருந்து ரயில்வே துறைக்குப் போன இரண்டாவது ஆள்! இரண்டு ரயில்வே அமைச்சர்களைக் கொடுத்த தொகுதியில், 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது பக்கத்தில் ஏறி இறங்க ஒரு ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. சிரிப்பதா அழுவதா?

சட்டமன்றத் தொகுதியிலும் இதே கதைதான். 2001ல் பா.ம.க.வின் ஆறுமுகம் அ.தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். 2006ல் அதே ஆறுமுகம் தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். 2011ல் தே.மு.தி.க.வின் முருகேசன், பா.ம.க. வேட்பாளரை முந்நூறுக்கும் குறைவான ஓட்டில் தாண்டினார். முந்நூறு ஓட்டு என்றால் என்ன? ஊரப்பாக்கத்தில் நாலு அபார்ட்மெண்ட். "க்யூ பெருசா இருக்கு, அப்புறம் வரலாம்" என்று வீட்டுக்குத் திரும்பியவர்களே அதைவிட அதிகமாக இருந்திருப்பார்கள்.

இங்கிலாந்தைப் பார்

இங்கிலாந்தின் கிராமத்துத் தொகுதிகளுக்கு வேறு மாதிரி சரித்திரம். ஷ்ராப்ஷயர் வடக்கு என்று ஒரு தொகுதி. மாட்டுப் பண்ணையும் சின்னச் சின்னச் சந்தை ஊர்களும் நிறைந்த இடம். 1983ல் இன்றைய பெயரில் உருவான நாளில் இருந்து கன்சர்வேடிவ் கட்சியைத் தவிர வேறு யாரையும் அது பார்த்ததில்லை. 2021ல் அதன் எம்.பி. ஓவன் பேட்டர்சன், பணம் வாங்கிக்கொண்டு கம்பெனிகளுக்காகப் பரிந்து பேசிய விவகாரத்தில் விலகினார். அந்த டிசம்பர் இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஹெலன் மார்கன் ஜெயித்தார். உலகமே ஆச்சரியப்பட்டது.

செங்கல்பட்டுக்காரர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அங்கே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது இங்கே ஒன்றிரண்டு தேர்தலுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது.

ஆனால் இங்கிலாந்தின் சரித்திரத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஓல்டு சாரம் என்று ஒரு இடம். ஊர் காலியாகி மேடு மட்டும்தான் மிச்சம். ஆனால் 1832 வரை அந்த மேட்டுக்கு இரண்டு எம்.பி.க்கள்! அதே காலத்தில் நெசவாலைகளால் வீங்கிக்கொண்டிருந்த மான்செஸ்டர் நகரத்துக்குத் தனியாக ஒரு எம்.பி.கூட இல்லை. மக்கள் இடம் மாறினார்கள், கோடு மாறவில்லை. அதனால் வந்த கோளாறு.

கோடு மாறாத ஊர்

ஊரப்பாக்கத்தின் பிரச்சனையும் இந்த வகைதான். இன்றைய தொகுதி எல்லைகள் 2008ல் போடப்பட்டவை. அதற்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கு. 2001ல் ஊரப்பாக்கம் எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். வயலும் ஏரியும் நடுவே நடுவே புது லேஅவுட் கல்லும் என்பார்கள்.

2021 தேர்தலில் செங்கல்பட்டு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர்கள் நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பக்கத்துச் சோழிங்கநல்லூரில் ஏறக்குறைய ஏழு லட்சம். சென்னைத் துறைமுகம் தொகுதியில் ஒன்றே முக்கால் லட்சம் சொச்சம். மூன்றுக்கும் சட்டமன்றத்தில் ஆளுக்கு ஒரு நாற்காலிதான். துறைமுகத்தில் ஒருவர் போடும் ஓட்டுக்கு இங்கே இரண்டு பேர் போட்டால்தான் சமம்.

உள்ளாட்சியிலும் அதே நிலைதான். 2021ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூரோடு கோடு நின்றுவிட்டது. அதே வருடம் கூடுவாஞ்சேரி நகராட்சி ஆனது. நடுவில் இருந்த ஊரப்பாக்கம் அடுக்குமாடிகளோடு கிராம ஊராட்சியாகவே 2021 அக்டோபர் ஊரக உள்ளாட்சித் தேர்தலைச் சந்தித்தது. ஒரு நகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் மழைநீரையும் ஒரு கிராம ஊராட்சியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு நவம்பரும் சொல்லித் தருகிறது.

தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் வருகிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு எம்.பி. எண்ணிக்கையின் விகிதம் குறைந்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் மாநிலங்களுக்கு இடையே நாற்காலிகளைப் பிரிப்பது வேறு. ஒரு மாநிலத்துக்குள் கோடுகளைச் சரிசெய்வது வேறு. 2008ல் நடந்தது இரண்டாவது. தமிழ்நாட்டின் 39ம் 234ம் அப்படியே இருந்தன, உள்ளே எல்லைகள் மட்டும் மாறின. முதலாவதை எதிர்ப்பவர் இரண்டாவதையும் எதிர்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் போடுவதால் நஷ்டப்படுவது புறநகர் மக்கள்தான்.

கோடு மாறுவது யார் கையிலோ இருக்கிறது. ஓட்டு அவரவர் கையில்தான் இருக்கிறது. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு, முகவரி மாறியவர்கள் என்று காரணம் சொன்னார்கள். ஊரில் ஒரு காலும் ஊரப்பாக்கத்தில் ஒரு காலும் வைத்து வாழ்பவர்களுக்கு இது சின்ன எச்சரிக்கை இல்லை. பதினைந்து வருடம் இங்கே வீட்டுவரி கட்டிவிட்டு, ஓட்டை மட்டும் பொங்கலுக்குப் போகும் ஊரில் வைத்திருந்தால், இங்கே தண்ணீர் லாரி வராததற்கு யாரிடம் போய்க் கேட்பது? கேட்டாலும் எந்த வேட்பாளர் பயப்படுவார்?

1957ல் இந்தத் தொகுதியின் விவசாயிகளிடம் செல்போன் இல்லை, வாட்ஸ்அப் குரூப் இல்லை. ஒரு மத்திய அமைச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்களால் அது முடிந்ததற்கு ஒரே காரணம், வாழ்ந்த இடத்திலேயே அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தது.

ஊரப்பாக்கத்துக்காரர்கள் முதலில் அங்கிருந்து தொடங்கலாம்.